சுவர் படித்த பாதி

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை கேத்ரினைச் சுவருக்கு முன்னால் நிறுத்திவிட்டு நாம் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாள்.

அவள் நிற்கிற காம்பரா, கந்தப்பளைக்கு மேலே, ஆல்ட்மூர் தோட்டத்து எட்டாம் நம்பர் லயத்து வரிசையில் கடைசி வீடு. குளிர் எப்படி என்று கேட்காதீர்கள். கெபியில் நிற்கிற மாதாவுக்கே ஸ்வெட்டர் பின்னிப் போட்டவர்கள் இந்த லயத்து ஆட்கள். மூடுபனி இறங்கிவிட்டால், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட, வழி தவறி வந்த பக்கத்துத் தோட்டத்து ஆள் 'வந்தேன்' என்று சொல்லி, ஒரு நாள் முழுக்க இங்கே கொழுந்து எடுத்துவிட்டுப் போனதும் உண்டு. நம்ப முடியாவிட்டால் விடுங்கள்; கங்காணியும் நம்பவில்லை.

இந்தக் குளிருக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஜூன் மழை பிடிக்குமுன் கோதுமை மாவில் பசை காய்ச்சி, கையில் அகப்பட்ட தாளையெல்லாம் காம்பராச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். பழைய பேப்பர், கலண்டர், கோயில் நோட்டீஸ், எது கிடைத்தாலும். இந்த வருடம் கேத்ரினின் அம்மா சிசிலி ஒட்டியது மகளுடைய புத்தகங்களை.

ஐந்து ரஷ்ய நாவல்கள். மாஸ்கோவில் தமிழில் அச்சடித்தவை. ஒவ்வொன்றும் மேட்டில் நிற்கிற லொறிச் சக்கரத்துக்கு அடை கொடுக்கிற கனம். கேத்ரினின் அண்ணன் சுஜீவன் கொழும்பில் பழைய கடதாசிக் கடையில் வேலை. சோவியத் நாடு கவிழ்ந்த பிறகு அந்தப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக அந்தக் கடைக்கு வந்து விழுந்தன. அவன் பொறுக்கியெடுத்துத் தங்கைக்கு அனுப்பினான்.

தங்கை படித்தாள் என்று சொன்னால் போதாது. நுவரெலியாவில் விடுதியில் தங்கி ஏ.எல். வகுப்பில் படிக்கிற பெண், லீவுக்கு வந்தால் லயத்தில் எல்லோரையும் ரஷ்யப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவாள். அப்பா அந்தோனிமுத்து, தாத்தா சவரிமுத்து. ஆகவே, தகப்பன் பேரை வாலில் ஒட்டுகிற ரஷ்ய முறைப்படி, அப்பா 'அந்தோனிமுத்து சவரிமுத்தோவிச்'. மனிதர் அதற்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவை 'பேச்சியம்மா கருப்பையாவ்னா' என்றாள். கெட்ட வார்த்தையென்று நினைத்து அந்த அம்மாள் பதினைந்து நாள் முகம் கொடுக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்குப் பதினோராவது அத்தியாயம் வந்திருக்காது. "தடை பண்ணின பொஸ்தகம் ஒண்ணாவது அனுப்பு, இல்லாட்டி நீ எனக்கு அண்ணனே இல்ல" என்று அவள் கடிதம் போட்டாள். அண்ணனும் அனுப்பினான். கறுப்பு மட்டை, நாற்பத்தெட்டுத் தாள், வடக்கில் அச்சடித்த கவிதைகள். முதல் தாளில் தன் குண்டு எழுத்தில் எழுதியும் வைத்தான்: 'என் தங்கச்சி கேத்ரினுக்கு. கேட்டதைத் தந்துவிட்டேன். இனியாவது என்னை அண்ணன் என்று ஒத்துக்கொள். சுஜீவன், ஆல்ட்மூர் தோட்டம்.'

போன மாதம் கொழும்பில் குண்டு வெடித்தது. மறுநாள் சுற்றிவளைப்பில் சுஜீவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரிலிருந்து நல்ல ரிப்போர்ட் போனால் விடுவார்கள்; போகாவிட்டால் எந்தச் சிறை, எத்தனை வருடம் என்று கேட்க ஆள் இல்லை. ரிப்போர்ட் எழுத பொலிஸ் வீட்டைப் பார்க்க வரும் என்று தெரிந்ததும் கேத்ரின் விடுதியிலிருந்து அம்மாவுக்குச் சொல்லியனுப்பினாள்: கறுப்பு மட்டையை அடுப்பில் போடு.

சிசிலி மட்டையை மட்டும் போட்டாள். நாற்பத்தெட்டுத் தாளையும் ஒளிக்க, ஐந்து ரஷ்ய நாவலையும் கிழித்து, எல்லாவற்றையும் கலந்து கூரை வரைக்கும் ஒட்டிவிட்டாள்.

"நூறு ஆடு நிக்கிற பட்டியில எந்த ஆடு களவு ஆடுன்னு எவன் கண்டுபுடிப்பான்?" என்பது அவளுடைய கணக்கு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் பொலிஸ் வருகிறது.

"நாப்பத்தேழு" என்றாள் கேத்ரின். கையில் பசை, தலையில் பசை, கண்ணில் ஒரு கிழமைத் தூக்கம்.

"இன்னொருக்கா எண்ணு" என்றாள் சிசிலி.

"அஞ்சு தடவ எண்ணிட்டேன். நாப்பத்தேழு தாளையும் கண்டுபுடிச்சு மேல சாமி படமும் கலண்டரும் ஒட்டியாச்சு. மொதத் தாள் மட்டும் இல்ல. அண்ணன் பேரு எழுதின தாள்."

"இங்கனதான் எங்கயாச்சும் இருக்கும். ஒண்ணும் வெளிய போகல."

"அடுப்புல போட்டியா?"

"மட்டையத்தான் போட்டேன்னு எத்தன தடவ சொல்றது? எழுத்துள்ள தாள நான் என்னைக்குடி எரிச்சேன்? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னா எரிக்கத் தெரியும்னு அர்த்தமா?"

கேத்ரின் கத்தியை எடுத்தாள். கத்தி வைத்துச் சுரண்டிப் பார்த்தால், தாளுக்கு முன்னால் சுவர் பெயர்ந்து வருகிறது. சிசிலியின் பசை அப்படி. அந்தப் பசையைக் கொடுத்திருந்தால் சோவியத் நாடே உடைந்திருக்காது.

ஒட்டின புத்தகத்தைப் படிப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். ஒன்று நமக்கு, மற்றது சுவருக்கு. நான்கு நாவலை அவள் முன்பே முடித்திருந்தாள். ஐந்தாவது பாதியில் நின்றது. இப்போது அதைச் சுவரில் தேடித் தேடிப் படிக்கிறாள். 210இல் ஒரு விதவை பனிவண்டியில் ஏறுகிறாள். 211 சுவருக்கு. 212இல் அவளைப் புதைத்துவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கிறார்கள்.

சிசிலி அடுப்புக்கு முன் உட்கார்ந்து ரொட்டி தட்டினாள். போன லீவில் அந்த அடுப்படியில்தான் மகள் வாய்விட்டுப் படித்தாள், தாய் கேட்டாள்.

"ஏண்டி, அந்தக் கெழவனோட மகன் சண்டைக்குப் போனானே, திரும்பி வந்துட்டானா?"

கேத்ரின் திரும்பவில்லை. "அந்தப் பக்கம் சுவருக்குப் போயிருச்சும்மா."

"எந்தப் பக்கம்?"

"அவன் வந்தானா இல்லையான்னு எழுதியிருக்கிற பக்கம். நீதானே ஒட்டின."

ரொட்டி கருகியது. இரண்டு பேரும் அதைத் திருப்பிப் போடவில்லை.

"படம் இருந்தாப் படத்த வெளிய வச்சேன்" என்றாள் சிசிலி மெதுவாக. "படம் இல்லாததுல எந்தப் பக்கம் நல்ல பக்கம்னு எனக்கென்னடி தெரியும்?"

அந்தோனிமுத்து ஸ்டோரிலிருந்து ஓடிவந்தார். சட்டை முழுக்கத் தேயிலைத் தூள். அவரை அப்படியே கொதிதண்ணீரில் முக்கினால் லயத்துக்கே தேத்தண்ணி கிடைக்கும்.

"ஜீப்பு வந்துருச்சு. யாழ்ப்பாணத்து சாரையும் கூட்டிட்டு வாறாங்க."

"அவரு எதுக்கு?"

"எதுக்கா? வாசிச்சுச் சொல்லத்தான்."

கேத்ரின் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரைக்கும் அவள் பயந்தது, தமிழ் படிக்கத் தெரியாத பொலிஸுக்கு.

யாழ்ப்பாணத்து சார் என்ற துரைராசா ஆசிரியர் பதினான்கு வருடமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். அவர் பேச ஆரம்பித்த முதல் இரண்டு வருடம் அது என்ன பாஷை என்று பேச்சியம்மா விசாரித்துக்கொண்டே இருந்தாள். மழை, வெயில், கல்யாணம், கருமாதி எதற்கும் குடையோடுதான் வருவார். இன்றும் குடை இருந்தது. ஆனால் அவருடைய அடையாள அட்டை அவரிடம் இல்லை. அது சப் இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையில், நுனி மட்டும் வெளியே தெரிய இருந்தது. வேலை முடியும்வரை அங்கேதான் இருக்குமாம்; அது இல்லாமல் ஒரு செக்பொயின்டையும் அவர் தாண்ட முடியாது.

சப் இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. சப்பாத்தை வாசலில் துடைத்துவிட்டு வந்தார். கத்தாத பொலிஸ்காரருக்குத்தான் இந்த லயம் அதிகம் பயப்படும். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். கீழிருந்து மேல், மேலிருந்து கீழ், வாய் திறந்தபடி.

"மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

அந்தோனிமுத்து, தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பதுபோல் நின்று, சிங்களத்தில் சொன்னார்: "ரஷ்யாக் கதை, மாத்தயா. நம்முடைய தேயிலையை வாங்குகிறவன். அவன் நம்முடைய தேயிலைச் சாயத்தைக் குடிக்கிறான். நாங்கள் அவனுடைய கதையைச் சுவரில் ஒட்டுகிறோம். அவன் வாங்காவிட்டால் ஸ்டோரை மூடிவிடுவார்கள்."

சப் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். காம்பராவில் அடைத்திருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. "ஹரி, ஹரி" என்று சரி சொல்லித் தலையாட்டினார். "சார், வாசியுங்கள்."

துரைராசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். குடையின் நுனியால் ஒவ்வொரு தாளாகத் தொட்டார். "இது பனி. இதிலேயும் பனி. இது ஒரு பிரபுவின் வீடு, தேநீர் குடிக்கிறார்கள். இங்கே இரண்டு பேர் துப்பாக்கியால் சுடப்போகிறார்கள்..."

"யாரை?"

"ஒருவரை ஒருவர். ஒரு பெண்ணுக்காக, மாத்தயா."

"பிறகு?"

"பிறகு..." துரைராசா தேடினார். "பிறகு சுவருக்குள்ளே இருக்கிறது."

திரும்பிக் கேத்ரினிடம் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "என்ன பிள்ளை இது? புத்தகத்தை இப்படியோ வைக்கிறது? ஆர் ஒட்டினது?"

"அம்மாங்க, சார்."

"கொண்ணனுக்குத் தெரியுமோ?"

"அண்ணன் வந்தாத்தானே சார் தெரியும்."

அவர் அடுத்த தாளுக்குப் போனார். அங்கே புனித அந்தோனியார் படம். கேத்ரின் விடியற்காலை ஒட்டியது. பசை காயாமல் படம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மேலே ஒரு வரி வெளியே வந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

'எங்கள் வீட்டு நிலைக்கதவு இன்று அவர்களுடைய பதுங்குகுழிக்குக் கூரை.'

கேத்ரினும் பார்த்தாள். அவரும் பார்த்தார். குடை அசையவில்லை. போன வருடம் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வீட்டை விட்டு நடந்தபோது, துரைராசாவின் தாய்தகப்பனும் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் நடந்தார்கள். பூட்டு இருக்கிறதா, கதவு இருக்கிறதா என்று இன்றைக்கும் அவருக்குத் தகவல் இல்லை.

"ஏன் நின்றுவிட்டீர்கள்?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

துரைராசா சுவரில் சாய்ந்துகொண்டார். வயதான மனிதர் களைத்துச் சாய்வதுபோல், தோள் சரியாக அந்த வரியின் மேல். "இது அந்தோனியார் படம், மாத்தயா."

"அது எனக்கே தெரிகிறது."

கேத்ரின் அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே கன்னம் மட்டும் துடித்தது.

சப் இன்ஸ்பெக்டர் மூலைக்குப் போனார். அங்கே கூரை ஒழுகிச் சுவர் ஊறியிருந்தது. ஊறின இடத்தில் ஒரு படத்தாள்: பனி வெளி, நடுவில் ஆளில்லாத குதிரை, அடியில் ஒரு வரி.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"'யாருடைய பனி என்று குதிரைக்குத் தெரியாது.'"

"நல்ல வாசகம்." அவருக்குக் குதிரை பிடித்திருந்தது. "கொழும்பில் கேட்பார்கள், என்ன மாதிரிப் புத்தகம் என்று. ஒரு பக்கம் ரிப்போர்ட்டோடு வைத்து அனுப்புகிறேன்."

பேனாக்கத்தியை மூலையில் வைத்தார். மற்ற இடமென்றால் சுவர் பெயர்ந்திருக்கும். ஈரத்தில் குதிரை அப்படியே முழுசாக உரிந்து வந்தது, தடித்த மட்டைபோல். பார்க்காமலே சுருட்டித் துரைராசா கையில் கொடுத்தார்.

"படத்தாளுக்குப் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும். ஸ்டேஷனில் அதிலேயே சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் அட்டையை வாங்கிக்கொள்ளலாம்." அந்தோனிமுத்துவின் பக்கம் திரும்பினார். "மகனுக்கு நல்ல ரிப்போர்ட் எழுதுகிறேன். ஒரு கிழமையில் வந்துவிடுவான்."

ஜீப் புறப்பட்டது. அந்தோனிமுத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். பேச்சியம்மா ஓடிவந்து, "என்னாங்க சவரிமுத்தோவிச், நல்ல சேதிக்கு எவனாச்சும் அழுவானா?" என்று தானும் அழுதாள்.

சிசிலி மட்டும் மூலையில் நின்று, குதிரை இருந்த இடத்தைத் தடவினாள். வெறும் மண் தெரிந்தது.

"அடியில இருந்ததும் சேந்து போயிருச்சு" என்றாள்.

"என்னது?"

"ரெண்டு தாள் ஒட்டியிருந்தேன்டி. இங்கன தண்ணி சொட்டுது, நல்ல படம், ஊறிப்போயிரும்னு அடியில ஒண்ணு குடுத்தேன்."

கேத்ரின் மெதுவாகக் கேட்டாள். "எந்தத் தாளும்மா?"

"நெறைய எழுத்துள்ள தாள அடியில மறைக்க மனசு வரல. நீ படிப்பியேன்னு. அதான் உள்ளதுலயே எழுத்துக் கொறஞ்ச தாளாப் பாத்து எடுத்தேன். மேல பெருசா ஒரு வரி, கீழ மூணு வரி. அம்புட்டுத்தான். மண்ணுப் பக்கம் திருப்பி..."

மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அதுவாடி?" என்றாள். "எனக்கு எல்லா எழுத்தும் எழுத்துத்தானேடி."

கேத்ரின் அப்போது வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஜீப் ரோட்டு மூன்று வளைவு சுற்றிக் கீழே போகும். குறுக்கே இறங்கினால் கவ்வாத்து வெட்டின மலை. தேயிலைச் செடி எல்லாம் முழங்கால் உயரத்தில் மொட்டை மொட்டையாக, ஈட்டி நட்டதுபோல் நிற்கும். ஆடுகூட அதில் இறங்காது. அவள் இறங்கினாள். பாவாடை கிழிந்தது. முழங்கால் கிழிந்தது. அண்ணனுக்குத் தான் எழுதிய கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும், அடிக்கு அடி, காலில் குத்தியது. இல்லாட்டி நீ எனக்கு அண்ணனே இல்ல.

மூன்றாம் வளைவில் ரோட்டில் விழுந்து எழுந்தபோது ஜீப் வந்தது. கூர்மையான வளைவு, அது ஊர்ந்துதான் திரும்ப வேண்டும். பின்பக்கம் திறந்த ஜீப். சப் இன்ஸ்பெக்டர் முன்னால். துரைராசா பின்னால், தனியாக, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் குடையை இடுக்கிக்கொண்டு.

மடியில் தாள் விரிந்திருந்தது. குதிரை கீழே பார்த்துக் கிடந்தது. மண் துகள் அப்பிய வெள்ளைத் தாளில், குண்டு எழுத்து, இத்தனை தூரத்திலும் அவளுக்குத் தெரிந்தது.

அவர் வாசித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"சார்!"

ஜீப் இரைச்சலில் அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் நிமிர்ந்தார். ரோட்டோரத்தில் இரத்தக் காலோடு நிற்கிற மாணவியைப் பார்த்தார். கோபமா, பயமா, இரக்கமா. கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

முன் சீட்டிலிருந்து ஒரு கை, திரும்பாமலே, பின்னால் நீண்டது. கையில் பேனா. "ஸ்டேஷன் வரைக்கும் எதற்கு, சார்? இங்கேயே எழுதிவிடுங்களேன்."

அந்தக் கைக்கு மேலே, சட்டைப் பையில், அடையாள அட்டையின் நுனி.

துரைராசா தாளைத் திருப்பினார். இப்போது குதிரை மேலே, குண்டு எழுத்து மடிப்பக்கம். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டார்.

ஜீப் வளைவைத் திரும்பியது. அடுத்த பக்கம் மூடுபனிக்குப் போய்விட்டது.